காற்றின்மேல் பழி: மாணவர் விடுதிகளின் சிதைவும் பொறுப்பும்

பருவமழை தொடங்கியதும் ஏதாவதொரு பல்கலைக்கழகத்து மாணவர் விடுதியின் கூரை பெயர்ந்தது, கீழ்த்தள அறைகளில் வெள்ளம் புகுந்தது, பின்புறத்து மண்திட்டுச் சரிந்து சுவர் சாய்ந்தது எனச் செய்தி வருவது இந்நாட்டில் புதுமையானதன்று. அதன்பின் நிகழ்வனவும் புதுமையானவையல்ல. மாணவர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவர்; பரீட்சைகள் பின்போடப்படும்; ஒரு குழு அமையும்; குழு ஓர் அறிக்கை தரும். அவ்வறிக்கையில் 'இயற்கை அனர்த்தம்' என்றொரு சொற்றொடர் இடம்பெறும். அச்சொற்றொடரோடு விசாரணை முடிவடையும்.

இச்சொற்றொடர் மிகவும் வசதியானது. காற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. மழையிடம் விளக்கம் கோரி எந்தப் பதிவாளரும் கடிதம் அனுப்ப முடியாது. ஆகவே பழி முழுவதையும் காற்றின்மேலும் மழையின்மேலும் சுமத்திவிட்டால் மனிதர் எவரும் பதில் சொல்ல வேண்டிய தேவை எழாது. பொறுப்புடைய அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொள்ளும் முடிவு இது என்பதே அம்முடிவைப்பற்றி ஐயுறுவதற்குப் போதிய காரணமாகும்.

இக்கட்டுரை அம்முடிவை மறுக்கிறது. ஒரே இரவில் காற்று விடுதியொன்றை அழித்துவிடுவது அரிது. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சிதையவிடப்பட்ட கட்டடத்தின் நிலையைக் காற்று ஒரே இரவில் வெளிப்படுத்திக் காட்டுகிறது என்பதே பெரும்பாலும் உண்மை. அச்சிதைவுக்குக் காரணர் உளர். அவர்களுக்குப் பதவிப் பெயர்களும் உள. அப்பட்டியலிலிருந்து மாணவர்களும் முற்றாக விலக்கப்படத்தக்கவர் அல்லர்.

1. விடுதியின் பெறுமதி

விடுதி என்பது படுக்கைகளை அடுக்கிவைக்கும் களஞ்சியமன்று. 1942ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தை வதிவிடப் பல்கலைக்கழகமாக அமைக்க வேண்டுமென்பதில் அதன் முதல் துணைவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ் உறுதியாக நின்றார். விரிவுரை மண்டபத்தில் கற்பது ஒரு பாதி. சக மாணவரோடு உண்டு, உறங்கி, விவாதித்துக் கற்பது மறுபாதி என்பது அக்கொள்கையின் சாரம். 1952ஆம் ஆண்டு பேராதனைக்கு நிகழ்ந்த இடப்பெயர்வும், 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆந் திகதி நடைபெற்ற திறப்பு விழாவும் அக்கொள்கைக்குக் கட்டட வடிவம் தந்தன. பற்றிக் அபர்குரொம்பியும் கிளிபோட் ஹொலிடேயும் வகுத்த வளாகத் திட்டத்துக்கிணங்கச் சேர்லி டி அல்விஸ் வரைந்த கட்டடங்களை இன்றும் நோக்குமிடத்து, இந்நாட்டு மழையை அறிந்த ஒருவரின் கை அவற்றில் புலப்படும். சரிந்த ஓட்டுக் கூரை, அகன்ற தாழ்வாரம், சுவரை நனையவிடாத விறாந்தை ஆகியன அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. மழை நீரைச் சுவரிலிருந்து தள்ளிவைக்கும் உபாயங்களும் ஆகும்.

ஜெனிங்ஸின் கொள்கை மேட்டுக்குடி மனப்பான்மையுடையது என்ற விமர்சனம் பழையது. அதிற் பெருமளவு நியாயமும் உண்டு. ஆயினும் இலவசக் கல்வி கிராமத்துப் பிள்ளையைப் பல்கலைக்கழக வாயில்வரை கொண்டுவந்த பின்னர், விடுதியின் பொருள் அடியோடு மாறிவிட்டது. ஜெனிங்ஸ் கனவானுக்காகக் கட்டிய அறை கமக்காரனின் மகளுக்கும் தோட்டத் தொழிலாளியின் மகனுக்கும் உயர்கல்வியின் இன்றியமையாத நிபந்தனையாயிற்று. முல்லைத்தீவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ வரும் ஒரு மாணவிக்கு விடுதி அறை மூடப்படுவதன் பொருள் தனியார் வீட்டில் வாடகை, முற்பணம், போக்குவரத்துச் செலவு என்பனவாகும். வசதியுள்ளவர் இச்செலவைச் சில வாரங்களிற் சமாளித்துக்கொள்வர். வசதியற்றவர் பாடங்களை இழப்பர். சிலர் படிப்பையே இழப்பர். ஆதலால் விடுதிக் கூரையின் ஒழுக்கு ஒரு பொறியியற் பிரச்சினையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. எவர் கற்கலாம், எவர் கற்க இயலாது என்பதைத் தீர்மானிக்கும் சமூகப் பிரச்சினையாகவும் அது ஆகிவிடுகிறது.

இன்னுமொன்று. பெரிய அனர்த்தங்களின்போது பல்கலைக்கழகக் கட்டடங்கள் மாணவருக்கு மட்டும் உரியனவாக இருப்பதில்லை. 1990ஆம் ஆண்டின் யுத்த இடப்பெயர்வின்போது வந்தாறுமூலை வளாகம் பல்லாயிரம் மக்களின் தஞ்சமாயிற்று. அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் பலர் திரும்பவில்லை என்பது கிழக்கு மறவாத வரலாறு. ஓடிவந்த மக்கள் அவ்வளாகத்தைத் தேடியதற்குக் காரணம் அங்கு கூரையும் சுவரும் கிணறும் இருந்தமையே. ஊர் முழுவதும் நனையும்போது நனையாது நிற்கவேண்டிய கட்டடங்களுள் பல்கலைக்கழக விடுதியும் ஒன்று.

2. சிதைவு நிகழும் முறை

'இயற்கை அனர்த்தம்' என்ற முடிவை மறுப்பதற்குக் கட்டடங்கள் எவ்வாறு சிதைகின்றன என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

முதலாவது பகை நீர். கூரையின் விளிம்பிலுள்ள பீலியில் இலைகள் அடைகின்றன. அவற்றை அகற்ற ஏணியும், ஒரு கூடையும், ஒரு தொழிலாளியின் அரைநாள் உழைப்பும் போதும். அகற்றாவிடின் நீர் தேங்கிப் பின்வாங்கி ஓட்டின் கீழே புகுகிறது. கைமரத்தின் நுனி நனைகிறது; நனைந்த மரத்தைக் கறையான் தேடிவருகிறது. சுவரின் தலைப்பகுதி ஈரமுற்றுச் சாந்து உதிர்கிறது. கொங்கிறீற்றுத் தளமாயின் ஈரம் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைச் சென்றடைகிறது. துருப்பிடித்த இரும்பு தன் முந்தைய பருமனிலும் பன்மடங்கு பருப்பதால் கொங்கிறீற்று உள்ளிருந்தே வெடித்துக் கட்டிகட்டியாகக் கழன்று விழுகிறது. ஒலுவில், நிலாவெளி போன்ற கரையோர வளாகங்களில் உப்புக்காற்று இத்துருவேற்றத்தை மேலும் விரைவுபடுத்தும். இவ்வளவும் நடந்து முடியப் பல ஆண்டுகள் செல்லும். முடிவில் ஒரு நாள் பெருமழையிற் கூரை இறங்கும்போது மழைமேற் பழி வருகிறது. பீலியில் அடைந்த இலையை எவரும் விசாரிப்பதில்லை.

இரண்டாவது பகை காற்று. புயலில் கூரை மேலிருந்து நசுக்கப்படுகிறது எனப் பலர் எண்ணுவர். உண்மையில் பெரும்பாலான கூரைகள் மேல்நோக்கி உறிஞ்சி எடுக்கப்படுகின்றன. முகட்டின் மேலாகவும் விளிம்புகளின் மேலாகவும் விரைந்து செல்லும் காற்று அங்கே உறிஞ்சலை உண்டாக்குகிறது. உடைந்த யன்னல் வழியே உட்புகுந்த காற்றோ கீழிருந்து தள்ளுகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பது பௌதிகவியலின் முதற் பாடங்களுள் ஒன்று. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகக் காற்றைத் தாங்கிய துருவேறிய ஆணி 120 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு மடங்கு விசைக்கு முகங்கொடுக்க வேண்டும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பையும் பொலன்னறுவையையும் தாக்கிய சூறாவளி இப்பாடத்தைக் கிழக்கிலங்கைக்குக் கற்பித்தது. கிட்டத்தட்ட ஆயிரம் உயிர்களைக் கொண்டுசென்ற அப்புயலுக்கு மூன்றாண்டுகள் கழித்து, 1981ஆம் ஆண்டில், அதே மட்டக்களப்பு மாவட்டத்தின் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அந்நிலத்துக்கு எத்தகைய காற்று வரும் என்பதை அறியாதிருந்தோம் என்று அங்கு கட்டடம் எழுப்பும் எவரும் கூறமுடியாது. கைமரத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டிகள், தகடுகளை இறுக்கும் கொளுக்கிகள் ஆகியவற்றை ஆண்டுக்கொருமுறை ஏறிப் பார்ப்பதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை.

மூன்றாவது பகை நிலம். மலைநாட்டு வளாகங்களில் விடுதி கட்டுவதற்காகச் சரிவு வெட்டப்படுகிறது. வெட்டிய முகத்தைத் தாங்கும் மதிலில் கசிவுத்துளைகள் விடப்படுவது மண்ணுள் தேங்கும் நீர் வெளியேறுவதற்காகவே. அத்துளைகள் பாசியாலும் வேராலும் அடைபட்டால், மதிலின் பின்னால் நீர் நிறைந்து மண் கனத்து மதிலைத் தள்ளுகிறது. மேல்விளிம்பிலுள்ள வடிகாலிற் குப்பை நிறைந்தால் அந்நீரும் மண்ணுக்குள்ளேயே இறங்குகிறது. மகாவலிக் கரையோரத் தாழ்நிலங்களோ 1947ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைக் கண்டவை. ஆற்றுக்கு நினைவு உண்டு. தான் ஒருமுறை சென்ற இடத்துக்கு அது மீண்டும் வரும். 2014ஆம் ஆண்டு மீரியபெத்தையிலும், 2016ஆம் ஆண்டு அரநாயக்காவிலும் மலைகள் சரிந்து மக்களைப் புதைத்தன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளி நாட்டைக் கடந்தபோது அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் சரிவுகள் பெரும் அழிவைக் கண்டன. இவ்வளவுக்குப் பின்னரும் ஒரு விடுதியின் பின்புறத்து வடிகால் துப்புரவு செய்யப்படாது கிடக்குமாயின், அதனால் விளையும் சேதத்தை இயற்கையின் கணக்கில் எழுதுவது பொய்க்கணக்காகும்.

நான்காவது பகை தீ. இது வானிலையோடு சேர்ந்ததன்று. விடுதியின் உள்ளேயே பிறப்பது. பழைய விடுதிகளின் மின்னிணைப்புகள் ஒரு மின்குமிழுக்கும் ஒரு மேசை விளக்குக்குமாகப் போடப்பட்டவை. 5 அம்பியர் அளவுடைய செருகி 230 வோற்று அழுத்தத்தில் ஏறத்தாழ 1,150 வாற்று மட்டுமே தாங்கும். ஒரு மின்னழுத்தியோ ஒரு மின்கேத்தலோ தனியாகவே அவ்வளவை எட்டிவிடும். ஒருவருக்கோ இருவருக்கோ என அமைந்த அறையில் நால்வரைக் குடியேற்றி, ஒரே செருகியிலிருந்து வயர்களை நீட்டி, அதில் கேத்தலும் அழுத்தியும் கணினியும் தொலைபேசி மின்னேற்றியும் பூட்டப்படும்போது சுவரினுள் ஓடும் கம்பி சூடேறுகிறது. மழையொழுக்கு அச்சுவரை ஈரமாக்கியிருப்பின் ஆபத்து இரட்டிக்கிறது. சனநெருக்கடி மாணவர் கேட்டுப் பெற்றதன்று. அனுமதித் தொகையை ஆண்டுதோறும் உயர்த்தி, அறைகளை உயர்த்தாது விட்ட கொள்கையின் விளைவே அது.

இந்நான்கையும் சேர்த்து நோக்கும்போது ஒன்று தெளிவாகிறது. நீர், காற்று, நிலம், தீ ஆகிய ஒவ்வொன்றும் உள்ளே வருவதற்கு ஒரு கதவு வேண்டும். அக்கதவு அடைபட்ட பீலியாக, துருவேறிய ஆணியாக, மூடிய கசிவுத்துளையாக, மெலிந்த வயராக அமைகிறது. கதவைத் திறந்துவைத்தோர் வந்தவரைக் குறைகூற முடியாது.

3. மூன்று சமாதானங்கள்

இவ்வாதத்துக்கு எதிராக வழக்கமாகக் கூறப்படும் சமாதானங்கள் மூன்று.

முதலாவது, பணமில்லை என்பது. திறைசேரி தரும் நிதி போதாது. பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நிலைமை மேலும் மோசமாயிற்று என்பர். நிதி போதாது என்பது உண்மையே. ஆயின் போதாத நிதி எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதே வினா. புதிய கட்டடம் மூலதனச் செலவு. அதற்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, பெயர்ப்பலகை உண்டு. பீலி துப்புரவு செய்வது மீண்டெழும் செலவு. அதற்கு விழாவுமில்லை, பலகையுமில்லை. பீலியைத் துப்புரவு செய்த நாளில் நாடா வெட்டிய அமைச்சர் எவரையும் இந்நாடு கண்டதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிச் சபை 1990ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையொன்று, பொதுக் கட்டடங்களின் பராமரிப்புக்கும் திருத்த வேலைக்குமாக அவற்றை மீளக் கட்டுவதற்காகும் பெறுமதியில் 2 முதல் 4 வீதம் வரை ஆண்டுதோறும் ஒதுக்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. இவ்வளவுகோலின்படி, மீளக் கட்ட 50 கோடி ரூபா வேண்டப்படும் ஒரு விடுதிக்கு ஆண்டுதோறும் 1 கோடி முதல் 2 கோடி ரூபா வேண்டும். இத்தொகையைக் கேட்டுத் திகைப்போர், அதைச் செலவிடாது விட்டால் ஒருநாள் 50 கோடி வேண்டிவரும் என்பதைக் கேட்டு ஏன் திகைப்பதில்லை? வறிய நாடே பராமரிப்பிற் கண்ணாயிருக்க வேண்டும். செல்வந்த நாடு இடித்துக் கட்டலாம். வறிய நாட்டுக்கு அவ்வசதி இல்லை.

இரண்டாவது சமாதானம், காப்புறுதி செய்துவிட்டாற் போதும் என்பது. நவீன நிர்வாகம் பயின்றோரிடையே இது செல்வாக்குப் பெற்றுவருகிறது. இதன் பெறுமதியை அளவிடுவதற்கு, மாணவர் வதிவிடத்தைக் காப்புறுதியின்மேல் நெடுங்காலம் நிறுத்தியிருக்கும் ஒரு சமூகத்தின் அனுபவத்தை நோக்குவது பயனுடையது. அது ஐக்கிய அமெரிக்காவின் 'பிரற்றேணிற்றி' எனப்படும் மாணவர் சகோதரத்துவக் கழகங்களின் அனுபவமாகும்.

கிரேக்க எழுத்துகளாற் பெயர் சூடிய இக்கழகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து அங்கு வளர்ந்தவை. அவற்றின் வீடுகள் பலவற்றைப் பல்கலைக்கழகம் உடைமையாகக் கொண்டிருப்பதில்லை. பழைய மாணவர்கள் அமைத்த வீட்டுக் கூட்டுத்தாபனமே உடைமையாளர். இன்றைய மாணவர் வாடகைக் குடியினர். உடைமையாளர் தூர நகரங்களில் வாழ்வர். குடியிருப்போர் இரண்டு மூன்று ஆண்டுகளில் வெளியேறிவிடுவர். வீட்டை நாள்தோறும் காண்பவருக்கு அது சொந்தமில்லை; சொந்தமானவர் அதைக் காண்பதில்லை. நத்தார் விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் வீடு வெறுமையாகும். கடுங்குளிர்ப் பிரதேசங்களில் வெறுமையான வீட்டின் வெப்பமூட்டி நின்றுவிட்டால் குழாயினுள் நீர் உறைகிறது. உறையும் நீர் ஏறத்தாழ 9 வீதம் பருத்துக் குழாயை வெடிக்கச் செய்கிறது. பின்னர் உருகும்போது தளந்தளமாக நீர் இறங்குகிறது. 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் குளிருக்குப் பழக்கப்படாத டெக்சாஸ் மாநிலத்திலேயே கட்டடங்களின் குழாய்கள் பரவலாக வெடித்தன.

இத்தகைய வீடுகளுக்குக் காப்புறுதி என்ன செய்தது? காப்புறுதிப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளைப் படிப்போர் ஓர் உண்மையைக் காண்பர். வழமையான ஆதனக் காப்புறுதி வெள்ளத்தை விலக்கிவிடுகிறது. அதனாலேயே அந்நாட்டு அரசு 1968இல் வெள்ளக் காப்புறுதிக்கெனத் தனித்திட்டம் வகுக்க நேர்ந்தது. கட்டடம் தொடர்ந்து 60 நாள் வெறுமையாகக் கிடந்தால் களவு, நாசவேலை போன்ற சில இழப்புகளுக்கு ஈடு கிடையாது என்பது அங்கு வழக்கமான நிபந்தனை. எல்லாவற்றிலும் முக்கியமாக, படிப்படியான தேய்வும், துருவும், உக்கலும், பராமரிப்பின்மையும் காப்புறுதியின் பொறுப்பாவதில்லை. நம் நாட்டு விசாரணைக் குழுக்கள் காண மறுக்கும் வேறுபாட்டை இலாபநோக்குடைய அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனி நன்கறிந்திருக்கிறது. சூறாவளி வேறு, அசட்டை வேறு என்பதே அவ்வேறுபாடு. முன்னையதற்கு அது பணந்தரும், பின்னையதற்குத் தராது.

1980களில் இக்கழகங்களுக்குக் காப்புறுதி கிடைப்பதே அரிதாயிற்று, கட்டணங்கள் ஏறின. அப்போது பல கழகங்கள் ஒன்றுசேர்ந்து 1987ஆம் ஆண்டளவில் கூட்டாகக் காப்புறுதி பெறவும், பொதுவான ஆபத்துத் தவிர்ப்பு விதிகளை ஏற்கவும் முன்வந்தன. ஆயினும் விதி எழுதப்படுவதும் உயிர் காக்கப்படுவதும் ஒன்றல்ல. 1996ஆம் ஆண்டு மே 12ஆந் திகதி வட கரோலைனாவின் சப்பல் ஹில் நகரில், பட்டமளிப்பு நாளன்று அதிகாலையில், கழக வீடொன்று தீப்பற்றி ஐந்து மாணவர் மாண்டனர். சரியாக அணைக்கப்படாத புகைபொருளிலிருந்து தீ தொடங்கிற்று. வீட்டில் தானியங்கி நீர்த்தெளிப்பான் இருக்கவில்லை. அதன்பின்னரே இத்தகைய வீடுகளில் நீர்த்தெளிப்பான் கட்டாயம் என அந்நகரம் சட்டமியற்றியது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 19ஆந் திகதி நியூ ஜேர்சியின் சீற்றன் ஹோல் பல்கலைக்கழக விடுதியில் மூட்டப்பட்ட தீ மூன்று மாணவரைக் கொன்றது. அவ்வாண்டிலேயே அம்மாநிலம் கல்வி நிறுவன விடுதிகளிலும் கழக வீடுகளிலும் நீர்த்தெளிப்பான்களைக் கட்டாயமாக்கியது. எட்டு இளைஞரின் உயிர் போன பின்னர் எழுதப்பட்ட அவ்விதிகளை அதற்கு முன்னரே எழுதியிருக்க முடியாதா? நீர்த்தெளிப்பான் அப்போது புதுக் கண்டுபிடிப்பன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழக்கிலிருந்தது.

இவ்வனுபவத்தின் பொருள் காப்புறுதி வேண்டாம் என்பதன்று. அது நடந்த பின்னர் பணந்தருவது. நடவாது தடுப்பது வேறொன்று. பணம் சுவரை மீளக் கட்டும், உள்ளிருந்தவரை மீட்டுத்தராது. காப்புறுதி செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் பீலியை மறப்பவர் இரண்டையும் இழப்பர்.

மூன்றாவது சமாதானம், மாணவரே நாசகாரர் என்பது. யன்னலை உடைப்பவர், கதவில் எழுதுபவர், அறையிற் சமைப்பவர், பகிடிவதைக்காக நீர்க்குழாயைத் திறந்துவிடுபவர் ஆகியோருக்காக ஏன் செலவிட வேண்டும் என்று கேட்கப்படுகிறது. இதற்கு இரு மறுமொழிகள் உள. ஒன்று, கூரை ஓட்டை மாணவர் எவரும் உடைப்பதில்லை. மதிலின் கசிவுத்துளையை மாணவர் எவரும் அடைப்பதில்லை. மாணவரின் குற்றத்தைக் காட்டி நிர்வாகத்தின் குற்றத்தை மறைத்தல் வாதமாகாது.

மற்றையது மாணவருக்கு உவப்பாக இராது. ஆயினும் அது கூறப்பட வேண்டியதே. விடுதி அரசாங்கத்தின் சொத்து, தம்முடையதன்று என்ற எண்ணம் மாணவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. நிர்வாகத்தோடு எழும் பிணக்குக்குக் கதவும் கண்ணாடியும் பலியாகின்றன. உடைக்கப்படும் கண்ணாடி துணைவேந்தருடையதன்று. அடுத்த ஆண்டு அவ்வறைக்கு வரவிருக்கும் கிராமத்து மாணவனுடையது. அக்கண்ணாடியின் இடத்தில் அட்டை ஒட்டப்படும், அட்டை நனையும், அடுத்த புயலில் அவ்வழியே காற்றுப் புகுந்து கூரையைத் தூக்கும். போராட்டம் என்ற பெயரில் தன் வகுப்பாரின் வீட்டையே சிதைப்பது முற்போக்கன்று. ஆதனத்தின்மேல் வெறுப்பு வேறு. பொதுவுடைமையின்மேல் மதிப்பு வேறு. பின்னையதைக் கற்காதவருக்கு முன்னையதைப் பேசும் தகுதி இல்லை.

ஆக, அமெரிக்கக் கழக வீட்டில் கண்ட நோயே இங்கும் உள்ளது. அங்கு தூரத்துப் பழைய மாணவர். இங்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறும் நிர்வாகிகள். அங்கும் இங்கும் சில ஆண்டுகளில் வெளியேறும் குடியினர். பலருக்குப் பொதுவான வீடு ஒருவருக்கும் உரியதாகாது போகிறது. சட்டத்தில் ஐயமில்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் பல்கலைக்கழகத்தின் ஆதனங்களையும் நிதியையும் வைத்திருந்து நிர்வகிக்கும் அதிகாரத்தைப் பேரவைக்கு அளிக்கிறது. அதிகாரம் உள்ள இடத்திற் பொறுப்பும் உண்டு. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்த பின்னர் 'எதிர்பாராதது' என்ற சொல்லுக்கு இடமுமில்லை. மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவிக்கிறது. புயலை வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கிறது. எச்சரிக்கை வருகிறது, அதைப் பெற்றுக்கொண்டு ஏணியை எடுப்பதற்கே ஆளில்லை.

4. செய்யற்பாலன

குறைகூறலோடு நின்றுவிடுதல் எளிது. ஆகவே வேண்டப்படுவன யாவை என்பதும் தெளிவாகக் கூறப்பட வேண்டும்.

ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு கட்டடப் பதிவேடு வேண்டும். கூரை எப்போது பார்க்கப்பட்டது, யார் பார்த்தார், என்ன கண்டார், என்ன செய்யப்பட்டது என்பன திகதியோடும் கையொப்பத்தோடும் அதில் எழுதப்பட வேண்டும். சேதம் நிகழ்ந்ததும் விசாரணைக் குழு முதலிற் கேட்க வேண்டியது அப்பதிவேட்டையே. அது வெறுமையாக இருப்பின் 'இயற்கை அனர்த்தம்' என்ற முடிவை எழுதக் குழுவுக்கு உரிமையில்லை.

ஆண்டுக்கு இருமுறை, தென்மேல் பருவக்காற்றுக்கு முன்னர் ஏப்ரலிலும் வடகீழ்ப் பருவக்காற்றுக்கு முன்னர் செப்ரெம்பரிலும், பீலிகளும் வடிகால்களும் கசிவுத்துளைகளும் துப்புரவு செய்யப்பட வேண்டும். கூரைப் பிணைப்புகளும், கட்டடத்தின்மேற் சாய்ந்த மரக்கிளைகளும் பார்க்கப்பட வேண்டும். விடுமுறையில் விடுதி பூட்டப்படுமுன் மின்சாரமும் நீரும் நிறுத்தப்பட்டு, வாரமொருமுறை ஒருவர் உள்ளே சென்று வரவேண்டும். ஒழுக்கு தொடங்கிய முதல்வாரத்தில் ஓர் ஓட்டை மாற்றினாற் போதும். விடுமுறை முடிந்து கண்டால் தளத்தையே மாற்ற வேண்டும்.

பராமரிப்பு நிதி வேறெதற்கும் திருப்பப்படாத தனிக்கணக்காக வேண்டும். புதிய விடுதிக்கு அடிக்கல் நாட்டுமுன், அதைப் பேணுவதற்கான ஆண்டுத்தொகை எங்கிருந்து வரும் என்பதைப் பேரவை எழுத்தில் வைக்கட்டும். எழுத முடியாதவிடத்துக் கட்டாது, இருப்பதைப் பேணுதலே நேர்மை. சரிவு நிலத்திலும் ஆற்றுத் தாழ்நிலத்திலும் இடம் வெறுமையாக உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக விடுதி எழுப்புதல் நிறுத்தப்பட வேண்டும். அந்நிலம் வெறுமையாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு.

மின்னிணைப்புகள் அறையில் உண்மையாக வாழ்வோரின் தொகைக்கேற்ப மாற்றப்பட வேண்டும். கேத்தலைத் தடைசெய்து அறிவித்தல் ஒட்டுவதிலும், ஒவ்வொரு தளத்திலும் பாதுகாப்பான ஒரு கொதிநீர் இடம் அமைப்பதே அறிவுடைமை. தேநீர் குடிக்காது படிக்கும் மாணவ சமுதாயம் ஒன்று இனித் தோன்றப்போவதில்லை.

இறுதியாக, மாணவர் ஒன்றியங்களுக்கு ஒரு வேலை. கோரிக்கைப் பட்டியலில் உணவின் தரமும் பேருந்தும் இடம்பெறுவதுபோல், கூரைப் பதிவேட்டைக் காணும் உரிமையும் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் மாணவர் குழுவொன்று காப்பாளரோடு சேர்ந்து பரிசோதனையிற் பங்கேற்று அப்பதிவேட்டிற் கையொப்பமிட வேண்டும். பொறியியல் பீடமுள்ள வளாகங்களில் அதன் மாணவரும் விரிவுரையாளரும் அயலிலுள்ள விடுதியை ஆய்வுகூடமாகக் கொள்ளலாம். பிறநாட்டுப் பாலங்களின் உடைவை வகுப்பிற் கற்பித்துவிட்டு, எதிரேயுள்ள விடுதியின் வெடிப்பைக் காணாது கடந்துசெல்வது கல்வியாகாது.

வெள்ளம் வருமுன் அணைகட்ட வேண்டும் என்பது இந்நாட்டுக் கமக்காரன் அறியாத செய்தியன்று. அவன் மாரி தொடங்குமுன் வீட்டுக் கூரையை வேய்கிறான். வாய்க்காலை வெட்டித் துப்புரவு செய்கிறான். குளக்கட்டில் எலிவளை உண்டா எனச் சுற்றிவந்து பார்க்கிறான். அவ்வாறு பார்த்தவனின் பிள்ளையே இன்று பல்கலைக்கழக விடுதியில் ஒழுகும் கூரையின்கீழ் வாளி வைத்துவிட்டு உறங்குகிறது. தந்தை ஒரு குடிசைக்குச் செய்ததைப் பட்டம் பெற்ற அறிஞர் குழாம் ஒரு மாளிகைக்குச் செய்யவில்லையென்றால், அதற்குக் காரணம் அறிவின்மையுமன்று, வறுமையுமன்று. அக்கூரையின்கீழ்த் தாமும் தம் பிள்ளைகளும் உறங்கப்போவதில்லை என்ற நிச்சயமே காரணம்.

அடுத்த புயல் வரும். அது வருவதைத் தடுக்க எவராலும் இயலாது. அது வந்துபோன பின் எழுதப்படும் அறிக்கையில் யாருடைய பெயர் இடம்பெற வேண்டும் என்பதை மட்டும் இன்றே தீர்மானிக்கலாம்.